கட்டம்போட்ட சட்டையும் மூன்று குடும்பமும்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தர் போட்ட செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "அந்தக் காலத்தில் குடும்பம் குடும்பமாக இருந்தது. அப்பா தலைவர், அம்மா தெய்வம், பிள்ளைகள் செல்வம். இன்று எல்லாம் சிதறிவிட்டது" என்று அதில் இருந்தது. கைகூப்பிய படங்களும் ரோஜாப்பூக்களும் வந்து குவிந்தன. அதற்கு அடியிலேயே நம் சந்திப்புக்கான அழைப்பு. ராயபுரத்தில் மண்டபம், மதியச் சாப்பாடு, எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று குரூப் போட்டோ, "தம்பதி சமேதராக வருக." நம்மில் ஒருவர் மட்டும், "நான் தனி ஆள், எனக்கு எதற்கு, வரவில்லை" என்று எழுதியிருந்தார். அதற்கு யாரோ கட்டைவிரலை உயர்த்திவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் கைகூப்பவில்லை. வந்த கோபத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு கிலோ சங்கரா மீனுக்குச் செதில் எடுத்தேன். மீன் முடிந்தது, கோபம் முடியவில்லை. எந்தக் காலத்தைச் சொல்கிறீர்கள்? நானும் அந்தக் காலத்தில்தான் இருந்தேன். உங்கள் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு ரோஜாப்பூ அனுப்பாதீர்கள்.

நமக்கெல்லாம் ஒன்பது வயது. நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. காசிமேட்டில் எங்கள் வரிசைக் குடிசைகள் எரிந்த வருஷம் என்று சொன்னால் பலருக்கு நினைவு வரும்.

எங்கள் குடிசையில் மூன்று பேர். அம்மா, பெரியம்மா, நான். பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா இல்லை, என் அப்பாவின் முதல் மனைவி. அவளுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லி அப்பா என் அம்மாவைக் கட்டினார். எனக்கு நான்கு வயதானபோது எங்களையும் விட்டுவிட்டு எண்ணூர்ப் பக்கம் மூன்றாவதாக ஒருத்தியோடு போய்விட்டார். செய்தி தெரிந்த அன்று பெரியம்மா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்த தன் குடிசையிலிருந்து கிளம்பி வந்தாளாம், என் அம்மாவின் முடியைப் பிடித்து உலுக்கி நாலு வார்த்தை கேட்பதற்காக. வந்து பார்த்தால் அம்மாவுக்கு உடம்பு நெருப்பாய்க் காய்கிறது, நான் பசியில் கத்திக்கொண்டிருக்கிறேன். முதலில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுச் சண்டையை வைத்துக்கொள்ளலாம் என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்தச் சண்டை நடக்கவே இல்லை. மறுநாள் அவளுடைய பாயும் மீன் கூடையும் எங்கள் குடிசைக்கு வந்து சேர்ந்தன.

வேறு சண்டைகள் நடந்தன. குழம்புக்கு எவ்வளவு புளி, என் தலைக்கு எவ்வளவு எண்ணெய், மழை நாளில் பள்ளிக்கூடம் அனுப்பலாமா கூடாதா என்று தினமும் ஏதாவது இருக்கும். பெரியம்மாவின் குரல் தெருமுனை வரைக்கும் போகும். அம்மா பேசாமல் பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். அப்பாவைப் பற்றி மட்டும் அவர்கள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

பெரியம்மா விடியும்போதே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். கூடையைத் தலையில் வைத்து ராயபுரம், வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்றுவிட்டு மதியத்துக்குள் வந்துவிடுவாள். அம்மாவுக்கு ஹார்பர் பக்கத்துக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிற வேலை. ஒன்பது மணிக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள். பெரியம்மாவின் சேலையில் ஐஸும் கவிச்சியும் வெற்றிலையும் மணக்கும். அம்மாவின் தலைமுடியில் சணல் தூசி ஒட்டியிருக்கும், அவள் என்னைத் தூக்கும்போதெல்லாம் எனக்குத் தும்மல் வரும். ஒருத்தி போனால் ஒருத்தி இருந்தாள். உங்களில் பல பேருக்கு அப்பாவும் அம்மாவும் இருந்தும் கழுத்தில் கயிறு கட்டிப் பூட்டிய வீட்டின் சாவி தொங்கியது. எனக்கு ஒரு நாளும் தொங்கவில்லை.

நம் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெஞ்சுக்காரியை வளர்த்தது கல்யாணமாகாத இரண்டு தாய்மாமன்கள். ஒருவர் சோறு வடிப்பார், இன்னொருவர் ஜடை பின்னுவார். அந்த ஜடை நம் எல்லோருடைய ஜடையையும்விட நேராக இருக்கும். ஜன்னலோரம் இருந்தவனின் அப்பா கப்பலில் போய் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவன் வளர்ந்ததெல்லாம் பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தில்தான், பெருநாள் சட்டை அவனுக்கும் சேர்த்தே தைத்தார்கள். உங்களில் இன்னொருவரை, பெயர் சொல்ல மாட்டேன், சேலை கட்டிய ஒரு திருநங்கைதான் தினமும் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து விடுவார். திருநங்கை என்ற நல்ல சொல் அன்று நமக்குத் தெரியாது. வேறு சொல் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன். அவர் உங்கள் டிபன் பாக்ஸில் தினமும் ஒரு முட்டை வைத்து அனுப்பினார். நீங்களும் அந்தச் செய்திக்குக் கைகூப்பியிருந்தீர்கள். முட்டை மறந்துவிட்டதா?

சரி, நெருப்புக்கு வருகிறேன்.

அது மத்தியான நேரம். ஆண்களில் பாதிப் பேர் கடலில் இருந்தார்கள். அன்று அம்மாவுக்கு வேலை இல்லாத நாள். பெரியம்மா அப்போதுதான் கூடையை இறக்கிவிட்டு உலை வைத்திருந்தாள். எந்தக் கூரையில் முதலில் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. ஓலைக்கு ஓலை தாவி எங்கள் வரிசைக்கு வர ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பெரியம்மா ஒரு கையில் என்னைப் பிடித்தாள், இன்னொரு கையில் கொதிக்கிற சோற்றுக் குண்டானை முந்தானையால் பிடித்துத் தூக்கினாள். எதற்கு அதைத் தூக்கினாள் என்று கேட்காதீர்கள். அம்மா குழாயடியிலிருந்து ஓடி வந்து நின்றபோது, அவள் எப்போதும் மார்புச் சேலையில் குத்தி வைத்திருக்கும் கோணி ஊசி அங்கேயே இருந்தது. அதுதான் எங்கள் மொத்தச் சொத்து: பாதி வெந்த சோறு, ஒரு கோணி ஊசி, நான்.

தகரப் பெட்டி போயிற்று. என் சிலேட்டு போயிற்று. பெரியம்மா எனக்கு வண்ணாரப்பேட்டையில் வாங்கி வந்த ஆரஞ்சு நிறச் சீப்பு உருகி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. அப்பாவின் ஒரே போட்டோவும் எரிந்தது. அம்மா சாம்பலைக் கிளறி அதைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியம்மா சொன்னாள்: "உடுமே. அவன் ரெண்டாந்தபா போய்ட்டான்." அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

எங்களை நம் பள்ளிக்கூடத்தில்தான் தங்க வைத்தார்கள். விடுமுறை என்பதால் உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் வகுப்பறை பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு ஒரு அறைக்கு ஆறு குடும்பம். பிளீச்சிங் பவுடர் வாசனை, வாழையிலைப் பொட்டலத்தில் எலுமிச்சைச் சோறு, கரும்பலகையில் நம் வாத்தியார் கடைசியாக எழுதிவிட்டுப் போன கணக்கு. அந்தக் கணக்கை யாரும் அழிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு அதிகாரி வந்தார். இளம் வயது, பேன்ட் பாக்கெட்டில் கைக்குட்டையை விட்டு விட்டு எடுத்து முகம் துடைப்பார். மைதானத்தில் நின்று சத்தமாக அறிவித்தார். எரிந்த குடிசைகளுக்குப் பதிலாக மாடி வீடு வரும். ஒவ்வொரு குடும்பமும் குடும்பத் தலைவரோடு வரிசையில் வந்து, நம்பர் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். அந்தப் படத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் வீடு.

குடும்பத் தலைவர் என்றால் யார் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சாயந்தரத்துக்குள் மைதானம் முழுக்கச் சட்டம் தயாராகிவிட்டது. ஆம்பளை இல்லாத போட்டோவுக்கு வீடு கிடையாதாம். ரெண்டு பொண்டாட்டி கேஸுக்கும் கிடையாதாம். யார் சொன்னது என்றால் ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருந்தவளைக் கை காட்டினாள்.

அப்புறம் ஆரம்பித்தது ஆள் தேடும் வேலை. புருஷன் செத்தவள், புருஷன் விட்டுப் போனவள், புருஷனைத் தானே விரட்டியவள் எல்லோரும் கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவதுபோல ஆம்பளையை இரவல் கேட்டுக் கிளம்பினார்கள். ஒருத்திக்கு வியாசர்பாடியிலிருந்து அத்தை மகன் வந்தான். இன்னொருத்தி டீக்கடை மாஸ்டரைக் கடையிலிருந்து ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி வந்தாள்.

எங்களுக்குக் கிடைத்தவர் மீன்பாடி வண்டி ஓட்டுகிற மாமா. முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர வண்டியில் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றி மிதிப்பார். காலி வண்டியாக வந்தால் என்னைப் பலகையில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். அவர் தனி ஆள். திருவொற்றியூரில் தாய் வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. அவர் குடிசையும் எரிந்திருந்தது. மிஞ்சியது வண்டியும் உடம்பில் கிடந்த நீலக் கட்டம்போட்ட சட்டையும்தான்.

"இன்னா நைனா, நாளிக்கு ஒரு அவரு எங்கூட்டு ஆம்பளயா நிக்கிறியா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"நிக்கிறேன்க்கா. நிக்கிறதுக்கு இன்னா, காசா பணமா?" என்றார் வண்டி மாமா.

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். "அப்போ நீக்கா?"

"நான் எதுக்குமே அதுல? ரெண்டு பொம்பள நின்னா ஆயிரம் கேள்வி கேப்பான். நீங்க மூணு பேரு நில்லுங்க, சோக்கா கீது. வூடு வந்தா சரி. போட்டோவா எனக்கு சோறு போடப்போவுது?"

அம்மா தலையாட்டினாள். அன்று அவள் மறுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மழைக்கு முன்னால் தலைக்கு மேல் ஒன்று வேண்டும் என்ற பயத்தில் இருந்தவளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

மறுநாள் எங்களுக்கு நாற்பத்தொன்றாம் நம்பர். பலகை என் கையில். சுண்ணக்கட்டித் தூள் என் பாவாடையில் கொட்டியது. போட்டோகிராபர், "தலைவர் கொஞ்சம் உள்ள வாங்க" என்றார். வண்டி மாமா நெருங்கி வர, அம்மா பதறிப்போய், "அண்ணே, கொஞ்சம் தள்ளியே நில்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "என்னம்மா, புருஷனை அண்ணேன்னா கூப்பிடுவே?"

போட்டோகிராபருக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது: "அது ஊரே கூப்புட்ற பேரு சார். வூட்லயும் அதே வந்துகினு கீது!" வரிசை முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார்.

வண்டி மாமா என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் மீனும் சைக்கிள் கிரீஸும் மணத்தன. "சிரி பாப்பா" என்றார். நான் பெரியம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நான் சிரிக்க வேண்டும் என்பதற்காக மூக்கைச் சுருக்கி நாக்கைத் துருத்திக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சோறு ஊட்டுகிற கை வெளியே இருக்க, வெளியே இருக்க வேண்டிய கை என் தோளில் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடம் திறக்க நாலைந்து நாள் இருக்கும்போது அந்த அதிகாரி மறுபடியும் வந்தார். நாற்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபத்து மூன்று ஆகிய நம்பர்காரர்கள் மட்டும் உள்ளே வர வேண்டும் என்றார்கள். வாசலில் நின்ற பியூன் படத்தில் இருக்கிறவர்களை மட்டும்தான் விட்டார். பெரியம்மா வெளியே போய் வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் மேஜையில் மூன்று போட்டோக்கள் கிடந்தன. ஒன்றில் அம்மா, நான், வண்டி மாமா. இன்னொன்றில் இட்லிக்கார அம்மா, அவளுடைய இரண்டு பையன்கள், வண்டி மாமா. மூன்றாவதில் ஐஸ் உடைக்கிற அக்கா, இடுப்பில் கைக்குழந்தை, வண்டி மாமா. மூன்றிலும் அதே கட்டம்போட்ட சட்டை. எங்களோடு நின்றுவிட்டு அவர் வரிசையின் பின்பக்கமாகப் போய் இன்னும் இரண்டு தடவை நின்றிருக்கிறார். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இது யாரு?" என்றார் அதிகாரி.

"எம் புருசன்" என்றாள் இட்லிக்கார அம்மா. அதே மூச்சில் ஐஸ் அக்காவும், "எம் புருசன் சார்" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். என் அம்மா தரையைப் பார்த்தாள்.

அதிகாரியின் முகம் சிவந்தது. "மூணு வீட்டுக்கு ஒரே புருஷனா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? இதுல உண்மையான பொண்டாட்டி யாரோ அவங்க மட்டும் கையெழுத்துப் போட்டு வீட்டை எடுத்துக்கலாம். மத்த ரெண்டு நம்பரும் கேன்சல்."

மூன்று பெண்களுக்கும் வீடு வேண்டும். பள்ளிக்கூடம் திறந்தால் நாங்கள் எல்லோரும் மறுபடி மணலில்தான். ஒருத்தி சரி என்று சொன்னால் மற்ற இருவர் தெருவில். அதிகாரி கதவோரம் நின்ற வண்டி மாமாவிடம் திரும்பினார். "நீயே சொல்லுய்யா. இதுல எது உன் குடும்பம்?"

வண்டி மாமா மூன்று போட்டோக்களையும் குனிந்து பார்த்தார். பிறகு, "எதுனா ஒண்ணு எய்திக்கோங்க சார்" என்றார்.

பியூன் சிரித்தார். ஜன்னலில் நின்ற கூட்டமும் சிரித்தது. நானும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதிகாரி கடைசியாக என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ பொய் சொல்ல மாட்டே. இவர் உன் அப்பாவா?"

மூன்று வாரமாக எனக்குப் பாடம் நடந்திருந்தது. 'ஆமாம் சார்' என்று சொல்ல வேண்டும். அம்மாவின் நகம் என் உள்ளங்கையில் அழுந்தியது. நான் ஜன்னலைப் பார்த்தேன். கம்பிக்கு நடுவே பெரியம்மாவின் முகம், சத்தமில்லாமல் "ஆமான்னு சொல்லு கண்ணு" என்று வாயசைத்துக்கொண்டிருந்தது. அவளை வெளியே நிற்க வைத்துவிட்டு, அவள் வாயாலேயே அவள் இல்லை என்று சொல்லச் சொல்கிறார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இல்ல சார். இவுரு வண்டி மாமா. எங்க வூட்ல நாங்க மூணு பேரு. அதுல ஒருத்தங்கள வெளிய நிக்க வெச்சிட்டீங்க."

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். என் வாழ்க்கையில் அவள் அடித்த அடிகளில் எனக்குச் சந்தோஷமாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அதற்குள் பெரியம்மா பியூனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "குயந்தைய அடிக்காதமே. சார், நான் சொல்றேன், எய்திக்கோ. இவ எங்க வூட்டுக்காரன் ரெண்டாவதா கட்னவ. நான் மொதல்ல கட்னவ. அவன் எண்ணூர்ல மூணாவதா ஒருத்தியோட கீறான். இது எங்க ரெண்டு பேரு பொண்ணு."

"சக்களத்திங்களா? ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

"அவன்தான் இல்லியே சார். அப்பால எதுக்கு அடிச்சிக்கணும்?"

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். "அப்போ குடும்பத் தலைவர் யாரு?"

"அடுப்பு மூட்றவங்கதான். மத்தியானம் நானு, சாய்ந்தரம் இவ."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா. ஆம்பளை இல்லாம குடும்பம்னு எழுத ரூல் கிடையாது."

"எங்க கீது அந்த ரூலு? எட்த்து காட்டு சார். எனக்குப் படிக்கத் தெர்யாது. இந்தப் பொண்ணு படிக்கும். அஞ்சாங்கிளாசு போவப்போவுது."

அவர் கோபமாகத்தான் அந்த உத்தரவுத் தாளை எடுத்தார். படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் எட்டிப் பார்த்தேன், அது இங்கிலீஷில் இருந்தது. கடைசியில், "குடும்பத் தலைவர்னுதான் போட்டிருக்கு" என்றார் மெதுவாக.

"ஆம்பளன்னு?"

"போடலை."

இன்றைக்கும் எனக்குத் தீராத ஆச்சரியம் இதுதான். அவர் கெட்டவர் இல்லை. அந்தத் தாளை அவரும் அதுவரை சரியாகப் படித்ததில்லை. தலைவர் என்றால் ஆம்பளைதான் என்று அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது, எங்கள் பெண்களுக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. இல்லாத சட்டத்துக்குப் பயந்து என் பெரியம்மா காமிராவுக்குப் பின்னால் நின்றாள்.

அவள் வராந்தாவுக்குப் போய்த் தெருவில் மீன் கூவுகிற குரலில் கூவினாள்: "ஏ, அப்டி ரூலே இல்லியாம்! யார் யாரு ஆம்பளய இஸ்தாந்து நிக்க வெச்சீங்களோ, எல்லாம் வாங்கமே! மறுபடி போட்டோ!"

ஒருத்தி வந்தாள். இன்னொருத்தி வந்தாள். பதினொரு பேர் வந்து நின்றார்கள். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சொந்தப் புருஷனோடு நின்று படம் எடுத்துக்கொண்ட ஒருத்தியும் வந்து, அவன் குடித்துவிட்டு வீட்டை விற்றுவிடுவான், தன்னையே தலைவராகப் போட வேண்டும் என்று கேட்டாள். அது மட்டும் நடக்கவில்லை. அவளுடைய வீடு பிறகு என்ன ஆயிற்று என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

மறுநாள் எங்களுக்கு மறுபடியும் நாற்பத்தொன்று. போட்டோவா சோறு போடும் என்று கேட்டவள் அன்று மூன்று முறை தலை சீவினாள். நடுவில் அவள்தான் நின்றாள். அந்தப் படத்தில் நான் ஈறு தெரியச் சிரித்திருந்தேன். படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் பெரியம்மாவின் பெயர் ஏறியது. அடுத்த வரியில் அம்மாவின் பெயர். தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் அதிகாரியின் பேனா நின்றது. "அக்கா தங்கச்சின்னு போட்டுடட்டுமா?" என்றார், இந்த முறை அன்பாகவே.

அத்தனை நாளும் அதிகாரியிடம் வாய் திறக்காத அம்மா அப்போதுதான் பேசினாள். "வாணாம் சார். ஒரு தபா பொய் சொல்லி அக்காவ வெளிய நிக்க வெச்சேன். இன்னொரு பொய் வாணாம்."

அவர் அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். மூன்றாவது வரியில் எனக்கு 'மகள்' என்று எழுதினார். ஆக, காகிதத்தில் என்னைப் பெறாதவளுக்கு நான் மகள், என்னைப் பெற்றவள் வெறும் கோடு. அம்மா அதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் கடைசி வரைக்கும் இருந்தார்கள். பெரியம்மா போனபோது கொள்ளி வைத்தது நான்தான். அதற்கும் ரூல் காட்டு என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

இவ்வளவு வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிற நான் ஒன்றையும் மறைக்கக் கூடாது.

எங்கள் சாமான்களை மாடி வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த மீன்பாடி வண்டிதான். நாற்பத்தொன்றுக்கு ஒரு நடை, ஐம்பத்தெட்டுக்கு ஒரு நடை, அறுபத்து மூன்றுக்கு ஒரு நடை. தனி ஆளுக்கு நம்பர் கிடையாது, அதனால் வீடும் கிடையாது. மூன்று குடும்பத்தில் நின்ற மனுஷன் கடைசியில் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டுக்கு அடியில் வண்டியை நிறுத்தி அதன்மேலேயே படுத்தார். மூன்று வீட்டிலும் மாற்றி மாற்றிச் சோறு கொடுத்தார்கள். பல வருஷம் அப்படியே இருந்தார். எனக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பலகையில் உட்கார வைத்து அழைத்து வருவார்.

'எதுனா ஒண்ணு எய்திக்கோங்க சார்' என்று அவர் சொன்னபோது நாங்கள் சிரித்தோமே, அது அவர் வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. எதிலாவது ஒன்றில் தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இது எனக்கு உறைக்க நாற்பது வருஷம் ஆயிற்று. ஆம்பளை இல்லாவிட்டால் குடும்பம் இல்லை என்பதை நாங்கள் அடித்து நொறுக்கினோம், அதில் எனக்கு இன்றும் பெருமைதான். அந்த வேகத்தில், இரண்டாவது படத்துக்கு நிற்கும்போது, நீயும் வந்து நில்லு என்று அந்த ஒரு மனுஷனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அதிகாரி இன்னொரு கோடு போட்டிருப்பார், அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது படத்தை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். ஒரு மழையில் தண்ணீர் புகுந்து ஊறிப்போயிற்று. முதல் படம் எந்த ஆபீஸில் எந்தக் கட்டில் மக்கிக் கிடக்கிறதோ தெரியாது. வண்டி மாமா எங்களோடு நின்ற படம் அது ஒன்றுதான்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குத் தெரியும். என் கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. என் மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பெண்ணோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். மருமகளும் பேத்தியும் என்னோடு இருக்கிறார்கள். "இன்னும் ஏன் அவளை வைத்துக்கொண்டிருக்கிறாய், அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே" என்று உங்களில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். யார் யாரை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எங்களுக்கே தெரியாது. அவள் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். நான் பேத்திக்கு ஜடை பின்னுகிறேன். சாம்பாரில் உப்பு அதிகம் என்று நேற்றுகூடச் சண்டை போட்டோம். மகன் பண்டிகைக்குப் போன் செய்கிறான், நானும் பேசுகிறேன். அவனைப் பற்றி நானும் மருமகளும் சண்டை போடுவதில்லை.

நாங்கள் சிதறவில்லை. சிதறிக் கிடப்பதாக வருத்தப்பட்டு எங்களுக்காக யாரும் கைகூப்ப வேண்டாம்.

சந்திப்புக்கு நான் வருகிறேன். மருமகளும் பேத்தியும் வருகிறார்கள். போட்டோவுக்கு நாங்கள் முன்வரிசையில்தான் நிற்போம். ஜோடி இல்லை என்று எங்களை யாராவது ஓரமாகப் போகச் சொன்னால் ரூலைக் காட்டச் சொல்லிக் கேட்பேன், என் குரலும் தெருமுனை வரைக்கும் போகும்.

அப்புறம், "நான் தனி ஆள், வரவில்லை" என்று எழுதியவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு விலாசத்தை விசாரித்து வாங்கிவிட்டேன். அன்று பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்து ஹாரன் அடிப்போம், கிளம்பித் தயாராக இருங்கள். கட்டம்போட்ட சட்டை ஏதாவது இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். படத்தில் எங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

சாப்பாட்டுக்கு ஆள் எண்ணுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் என்று எழுதிக்கொள்ளவும்.